பிடோக்கில் ஒரு முருங்கை

சிங்கப்பூரின் பிடோக்கில் குன்றுகள் இருந்தன என்றால் இன்றைய பிள்ளைகள் நம்பமாட்டார்கள். 1966இல் கிழக்குக் கரையோரக் கடலைத் தூர்க்கும் வேலை தொடங்கியது. அதற்காக இங்கிருந்த குன்றுகளை வெட்டி, மண்ணைக் கன்வேயர் பெல்ட்டில் கடற்கரைக்கு அனுப்பினார்கள். மணல் அள்ளிய பள்ளம்தான் பிடோக் நீர்த்தேக்கமாகி, இன்று காலை நடைக்கு ஆள் கூடும் இடமாக இருக்கிறது. அதற்கும் முன்னால் காத்தோங், சிக்லாப் தொடங்கி இந்தக் கரை நெடுகத் தென்னந்தோப்பு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சிங்கப்பூரின் சாதிக்காய்த் தோட்டங்கள் நோய் விழுந்து பட்டுப்போயின. மணற்பாங்கான இந்தக் கரையில் தென்னை நிலைத்தது. தேங்காய், கொப்பரை, கீற்று, விறகு என்று கம்பத்து வீடுகள் அதை நம்பிப் பிழைத்தன.

தேக்காவில் காலைச் சந்தையைப் பார்த்துவிட்டு, லிட்டில் இந்தியா நிலையத்தில் டவுன்டவுன் பாதை ரயில் ஏறினேன். மாறி ஏற வேண்டியதில்லை. நேராக பிடோக் நார்த்தில் இறங்கலாம். பஃபலோ ரோட்டுக் கடைகளில் கட்டுக்கட்டாக முருங்கைக்காய், கறிவேப்பிலை, வாழையிலை. சிங்கப்பூர் சாப்பிடுவதில் 90 விழுக்காட்டுக்கு மேல் இறக்குமதிதான். 2022 ஜூன் மாதம் மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியபோது ஊரே கவலைப்பட்டது.

பிடோக்கில் என் உறவினர் குடியிருக்கும் புளோக்கின் பின்னால் ஒரு சமூகத் தோட்டம். தேசியப் பூங்காக் கழகம் 2005இல் தொடங்கிய திட்டத்தில் தீவெங்கும் இப்படித் தோட்டங்கள் வந்திருக்கின்றன. வேலியோரம் ஒரு முருங்கை. அதைப் பார்த்துக்கொள்ளும் அம்மா எழுபதைத் தாண்டியவர். இங்கே மழைக்குக் கணக்கே இல்லை; முருங்கைக்கோ வேரில் தண்ணீர் நின்றால் ஆகாது. அதனால் மண்ணை முழங்கால் உயரத்துக்கு மேடாகக் குவித்து, கை பருமன் போத்து ஒன்றை ஊன்றியிருக்கிறார். கைக்கு எட்டும் உயரத்திலேயே ஒடித்துவிடுகிறார். ஒடித்த இடத்தில் நாலைந்து துளிர் கிளம்பியிருந்தது.

"ஒடிக்க ஒடிக்கத்தான் தம்பி இது கீரை கொடுக்கும். பாவம்னு விட்டா மேல போயிடும், யாருக்கும் எட்டாது" என்றார்.

பக்கத்துப் புளோக் மலாய்க்காரப் பெண்மணி தேங்காய்ப்பால் குழம்புக்குக் கீரை பறித்துப் போனார். பிலிப்பீன்ஸ் பணிப்பெண் ஒருவர் கோழி சூப்புக்கு ஒரு பிடி கேட்டார். அந்த அம்மா வீட்டில் அன்று பொரியல். காசு யாரும் கொடுக்கவில்லை, கேட்கவும் இல்லை.

ஜப்பான்காரன் காலத்தைப் பற்றி அந்த அம்மாவின் தாயார் சொன்னதெல்லாம் மரவள்ளிக்கிழங்குதானாம். 1942 முதல் மூன்றரை வருடம் அரிசி போதாத இந்தத் தீவு கிழங்கில் உயிர் பிழைத்தது. கிழங்கை ஒவ்வொரு முறையும் நட வேண்டும், தோண்ட வேண்டும். மரம் அப்படியல்ல, ஒரு முறை நட்டால் ஒரு தலைமுறைக்குச் சோறு. இலங்கையில் ஆர்தர் வி. டயஸ் இதை நன்றாகப் புரிந்துவைத்திருந்தார். 1915 கலவரத்தின்போது சிறைப்பட்ட அவர், பின்னாளில் ஊர் ஊராகப் பலா நடும் இயக்கம் நடத்தினார்; மக்கள் அவரைப் 'பலா மாமா' என்றே அழைத்தார்கள். அரிசித் தட்டுப்பாட்டுக் காலங்களில் பலாக்காயை அவித்துத் தின்று பசியாறியவர்கள் அந்த நாட்டில் ஏராளம். யாழ்ப்பாணத்தார் கறிவைக்கும் ஈரப்பலாவும் (சீமைப்பலா) இப்படித்தான். நட்ட மூன்று முதல் ஐந்து வருடத்தில் காய்க்கும், பிறகு பல பத்தாண்டுகள் கொடுத்துக்கொண்டே இருக்கும்.

2020இல் கொரோனா நேரத்தில் வீடுகளுக்குக் காய்கறி விதைகளை இலவசமாக அனுப்பியது பூங்காக் கழகம். நல்ல காரியம். ஆனால் கீரைப் பாத்தியோடு நிற்கக் கூடாது என்பது என் எண்ணம். இங்கே சாலையோரம் நிற்பவை பெரும்பாலும் நிழல் மரங்கள். அரசு நிலத்தில் காய்த்துத் தொங்குவதை அனுமதியின்றிப் பறிக்கவும் கூடாது. பழம் விழுந்து அழுகும், ஈ மொய்க்கும், வௌவால் வரும் என்று மறுப்பவர்கள் சொல்வதும் பொய்யில்லை. தினம் பறிக்க ஆள் இருந்தால் அழுகுவதற்கு எது மிஞ்சும்? புளோக்குக்கு ஒரு முருங்கை, ஒரு கறிவேப்பிலை, இடமிருந்தால் ஓர் ஈரப்பலா. பொறுப்பைக் குடியிருப்பவர்களிடமே விடலாம்.

நான் கிளம்பும்போது அந்த அம்மா இரண்டு போத்துகளை வெட்டி, அடியில் ஈரத்துணி சுற்றிக்கொண்டிருந்தார். எதிர்ப் புளோக்கில் புதிதாகத் தோட்டம் போடுகிறார்களாம். மேடு கட்டியாயிற்றா என்று போனில் விசாரித்துக்கொண்டிருந்தார்.