ஹார்லிக்ஸ் பாட்டிலில் ஒரு சிலந்தி

தாண்டிக்குடியில் அம்மா தனியாக இருக்கிறாள். அவளை மதுரைக்கு அழைத்து வந்துவிட வேண்டும் என்ற எண்ணத்தோடுதான் சென்ற மே மாத விடுமுறையில் மகளுடன் பழனிமலை ஏறினேன்.

இரண்டாம் நாள் மாலை, சுவரில் இருந்த கையகலச் சிலந்தியொன்றை மகள் ஹார்லிக்ஸ் பாட்டிலால் மூடிப் பிடித்துவிட்டாள். அது வலை பின்னி இரை பிடிக்கும் இனமன்று. பகலில் படச்சட்டங்களின் பின்னே பதுங்கிக் கிடந்து, இரவில் கரப்பான்பூச்சிகளைத் துரத்திப் பிடித்துத் தின்பது. ஹெடரோபோடா வெனடோரியா என்பது விஞ்ஞானப் பெயர். கப்பல் சரக்குகளோடு வெப்ப நாடுகளெங்கும் பரவி, மனிதரின் வீடுகளில் குடியேறிவிட்ட உயிர்.

தீப்பெட்டியில் பொன்வண்டு வளர்த்த தலைமுறையைச் சேர்ந்தவன் நான். மறுக்க மனம் வரவில்லை. மூடியில் ஓட்டைகள் இட்டேன். உள்ளே ஒரு காபிக் குச்சி, ஈரப்பஞ்சு, சில நாளைக்கொரு கரப்பான். திருவானைக்காவில் லிங்கத்தின்மேல் வலையால் விதானம் அமைத்த சிலந்தி, மறுபிறவியில் கோச்செங்கட் சோழனான கதையை மகளுக்குச் சொன்னேன்.

"அப்புறம் ஏம்ப்பா அப்பத்தா வெளக்குமாத்தால அடிக்கிறாங்க?" என்றாள்.

ஒருநாள் கொடைக்கானல் சென்று செண்பகனூர் அருங்காட்சியகத்தைப் பார்த்தோம். இயேசு சபையினர் 1895இல் தொடங்கியது. பாடம் செய்த விலங்குகளும் ஊசி குத்திய பூச்சிகளும் கண்ணாடிக்குப் பின்னால் அசையாமல் இருந்தன. மகள் அதிகம் பேசவில்லை.

அன்றிரவு பாட்டிலைப் பார்த்தால், சிலந்தியின் வயிற்றடியில் வெண்ணிற வில்லை போன்ற முட்டைப்பை. இருநூறு முட்டைகள்கூட அதற்குள் இருக்கலாம். அடுத்து வந்த நாள்களில் அதை அவள் ஒருகணமும் கீழே வைக்கவில்லை. எதுவும் உண்ணவுமில்லை. நாங்கள் இட்ட கரப்பான் அவள் கால்களின் மீதே ஏறி நடந்தது.

அம்மா வந்து பார்த்தாள். "புள்ளையச் சொமக்குறவள எதுக்குடா அடைச்சு வச்சிருக்கீங்க? அவ எடத்துல விடுங்க."

அவளே பாட்டிலை வாங்கி, அப்பாவின் படத்தருகே சுவரோடு சாய்த்துப் பிடித்தாள். சிலந்தி நெடுநேரம் அசையவில்லை. பிறகு ஒரே ஓட்டம், படத்தின் பின்னே. மகள் அழுதாள். மறுநாள் ஒட்டடை அடித்த அம்மா அந்தச் சுவரை மட்டும் விட்டுவிட்டாள்.

நீர், இரை, பாதுகாப்பு: பாட்டிலில் எதற்கும் குறை வைக்கவில்லை என்றுதான் நினைத்திருந்தேன். மதுரையில் அம்மாவுக்கென்று ஒதுக்கியிருந்த அறையிலும் இவை எல்லாம் உண்டு.

ஊர் திரும்பும்வரை அந்தப் பேச்சை நான் எடுக்கவில்லை.