இடுப்பில் தம்பியோடு வந்த சிறுமி



காப்பிப் பழம் பறிக்கும் மார்கழி, தை மாதங்களில் கரடியூரில் நாம் நடத்தும் மாலை மத்ரஸாவுக்குப் பிள்ளைகள் வருவது குறையும். தாய்மார் பறித்த பழத்தை எடை போட்டுக் கொடுத்துவிட்டு வீடு திரும்புவதற்குள் இருட்டிவிடும். அதுவரை சின்னப் பிள்ளைகளைப் பெரிய பிள்ளைகள்தாம் பார்த்துக்கொள்ள வேண்டும். சென்ற பருவத்தில் ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி மூன்று வயதுத் தம்பியை இடுப்பில் சுமந்தபடி வகுப்புக்கு வந்தாள். அவன் பாயில் உருண்டான். பக்கத்துப் பிள்ளையின் அரிச்சுவடியைக் கிழித்தான். மூன்றாம் நாள், “நாளை இவனை வீட்டில் விட்டுவிட்டு வா” என்றோம். “சரி ஹஜ்ரத்” என்றாள். மறுநாள் அவள் வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை.

அந்த வாரப் பாடம், நபி (ஸல்) அவர்கள் தம் பேத்தி உமாமாவைத் தூக்கிக்கொண்டே தொழுத செய்தி. ஸஜ்தாவுக்குச் செல்லும்போது இறக்கி வைப்பார்கள். எழும்போது மீண்டும் தூக்கிக்கொள்வார்கள். சொல்லிக்கொண்டிருக்கும்போதே அச்சிறுமி அமரும் இடம் காலியாக இருப்பது கண்ணில் பட்டது. அதன் பின் அன்று பாடம் சரியாக நடக்கவில்லை.

மறுநாள் காலை அவர்களின் தோட்டக் குடியிருப்புக்குச் சென்றோம். வீடு பூட்டியிருந்தது. பெரியவள் பள்ளிக்கூடத்திலும் சின்னவன் ‘பால்வாடி’யிலும் இருப்பதாக அண்டை வீட்டு மூதாட்டி சொன்னார். அங்கன்வாடி என்று பெயர் மாறி எத்தனையோ ஆண்டுகள் ஆயின. எங்கள் மலையில் அது இன்னும் பால்வாடிதான். அங்கே சத்துமாவும் முட்டையும் தவிர வேறென்ன உண்டு என்று நாமே பெற்றோரிடம் பலமுறை பேசியிருக்கிறோம். உள்ளே சென்று பார்த்தது அன்றுதான்.

உதவியாளர் அடுப்படியில் இருந்தார். பணியாளர் பிள்ளைகளை வட்டமாக அமர்த்தி எழுத்துப் பாட்டு ஒன்றைத் தொடங்கினார். கைக்குழந்தையோடு ஒரு தாய் வந்தார். எடை பார்க்க வேண்டும். பாட்டு நின்றது. மீண்டும் தொடங்கினார், பதிவேட்டுக்கு ஒரு விவரம் தேவைப்பட்டது. பிறகு கைப்பேசியில் ஏற்ற வேண்டிய கணக்கு. மூன்றாம் முறை அமர்ந்தபோது, “எந்த இடத்தில் விட்டேன் என்பதே மறந்துபோகிறது, பாய்” என்று சிரித்தார். பிள்ளைகளுக்கு மறக்கவில்லை. நம் மாணவியின் தம்பி அடுத்த வரியைத் தானே எடுத்துக் கொடுத்தான்! எமது பாயில் உருண்ட அதே பிள்ளை.

ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று நாடு முழுவதும் 33 வட்டாரங்களில் தொடங்கியது. ஊட்டச்சத்து, தடுப்பூசி, உடல்நலப் பரிசோதனை, மேல்சிகிச்சைக்கு அனுப்புதல், தாய்மாருக்கு நலக்கல்வி, முன்பருவக் கல்வி என ஆறு பணிகள். தமிழகத்தில் 1982இல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டம் இந்த மையங்களின் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டது. பசித்த வயிற்றுக்கு முதலிடம் கொடுத்ததில் தவறே இல்லை. ஆயினும் ஆறு பணிகளும் ஒரே பெண்ணின் தலையில் விழும்போது, கல்விதான் கடைசி இடத்துக்குப் போகிறது.

இன்னொரு கை சேர்ந்தால் என்ன ஆகும்? இதைத் தமிழகத்திலேயே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். பொருளாதார அறிஞர்களான கார்த்திக் முரளிதரன், அலெஹாந்த்ரோ கானிமியன், கிறிஸ்டபர் வால்டர்ஸ் ஆகியோர் செய்த ஆய்வு அது. குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்த அங்கன்வாடிகளுக்கு மட்டும் முன்பருவக் கல்விக்கென அரைநேரப் பணியாளர் ஒருவர் கூடுதலாக அமர்த்தப்பட்டார். கற்பிக்கும் நேரம் இரட்டிப்பானது. ஒன்றரை ஆண்டுக்குப் பின், மையத்தில் தொடர்ந்த பிள்ளைகள் கணக்கில் தெளிவாக முன்னேறியிருந்தார்கள். மொழியில் அதைவிடவும் அதிகமாக. வயதுக்கேற்ற உயரமின்மையும் கடும் ஊட்டச்சத்துக் குறைவும் அந்த மையங்களில் குறைவாக இருந்தன. பழைய பணியாளருக்கு உடல்நல வேலைகளைக் கவனிக்க நேரம் கிடைத்ததே அதற்குக் காரணமாக இருக்கலாம். செலவைக் காட்டிலும் பயன் பன்மடங்கு என்பது அவர்களின் கணக்கு.

ஆனால் சட்டப்படி கல்வி உரிமை ஆறு வயதில்தான் தொடங்குகிறது. 2002ஆம் ஆண்டுத் திருத்தத்தில், ஆறு வயதுக்குட்பட்டோரின் கல்வி அரசு முயன்று செய்ய வேண்டியவற்றின் வரிசையில் வைக்கப்பட்டது. முயற்சி என்றால் நீதிமன்றத்தில் கேட்டுப் பெற முடியாது; கேட்டுக்கொண்டே இருக்கத்தான் வேண்டும்.

எமது ஜமாஅத்தில் மழலையர் பள்ளி தொடங்கப் பணம் திரட்டும் பேச்சு ஓராண்டாக நடக்கிறது. அதை முன்மொழிந்தவர்களில் நாமும் உண்டு. கட்டணம், சீருடை, வண்டிச் செலவு என்று எழுதிப் பார்த்தபோது, பழம் பறிக்கும் அந்தத் தாய்க்கு அதில் இடமே இல்லை என்பது புரிந்தது. சென்ற கூட்டத்தில் இதைச் சொன்னோம். “அரசாங்கத்திடம் போய் ஏன் நிற்க வேண்டும்? நம் பிள்ளைகளுக்கு நாமே செய்வோம்” என்றார் மூத்தவர் ஒருவர். அவர் நோக்கம் நல்லதே. ஆனால் அந்த வட்டத்தில் மலையாளிப் பழங்குடிப் பிள்ளைகளும் நம் பிள்ளையும் ஒரே பாயில் அமர்ந்திருந்ததைப் பார்த்த பிறகு, ‘நம்’ என்ற சொல்லை எங்கே நிறுத்துவது என்று எமக்குத் தெரியவில்லை. முடிவு எட்டப்படாமலே கூட்டம் கலைந்தது.

முன்பருவக் கல்விக்கு ஒரு கூடுதல் பணியாளர் கேட்டு, குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலருக்கு மனு எழுதியிருக்கிறோம். முதலில் கையெழுத்திட்டவர் அந்தத் தாய். மகளை மீண்டும் அனுப்பச் சொன்னோம்; “சின்னவனும் வருவானே, ஹஜ்ரத்?” என்று தயங்கினார். வரட்டும் என்றோம். இப்போது அவனுக்கென்று ஒரு பாய் போட்டிருக்கிறோம். அலிஃபையும் பாவையும் அந்த எழுத்துப் பாட்டின் மெட்டில்தான் சொல்கிறான்.