கேத்தி பள்ளத்தாக்கும் ஒரு பனிக்காலக் கணக்கும்

ஊட்டி – குன்னூர் சாலையில் போகிறவர்களில் பலர் கேத்தி காட்சிமுனையில் வண்டியை நிறுத்துவார்கள். கீழே நெருக்கமாக வீடுகள், படிப்படியாகக் கேரட்டும் முட்டைகோஸும், மேட்டில் தேயிலை, ஓரமாக மலை ரயில். 'இதுதான் தென்னிந்தியாவின் சுவிட்சர்லாந்து' என்று வண்டி ஓட்டுநர் சொல்ல, படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். அந்தப் படத்தின் அடிப்பகுதியில் எங்கள் ஒன்றே கால் ஏக்கரும் இருக்கும். முப்பது வருடமாக அங்கே காய்கறி போடுகிறேன். சுவிட்சர்லாந்து என்ற பெயரால் எங்களுக்கு ஒரு பைசா வந்ததில்லை. ஆனால், அந்த நாட்டுக் கிராமம் ஒன்றின் பழைய கணக்கு இந்தக் கோடையில் எங்களுக்குக் கைகொடுத்தது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஊரைப் பற்றி. கேத்தி ஒரு பேரூராட்சி. கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,000 மீட்டர் உயரம். படுகர் ஹட்டிகள் பல சேர்ந்தது. மேட்டு நிலத்தில் தேயிலையும் கற்பூர மரமும் சீகையும். தண்ணீர் தேங்கி ஓடும் பள்ளத்தில், குறிப்பாகக் கேத்தி பாலாடா பக்கம், கேரட், பீட்ரூட், உருளைக்கிழங்கு, கோஸ், பூண்டு. டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழுந்து பள்ளத்துப் பயிரைக் கருக்கும். பிப்ரவரி பிறந்தால் ஓடை மெலியத் தொடங்கும்.

எங்கள் முன்னோர் சாப்பிட்டது ராகியும் சாமையும். 1819-ல் கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் கோத்தகிரி வழியாக மலையேறி வந்த பிறகுதான் ஐரோப்பியக் காய்கறிகள் இங்கே பரவின. 1830-களின் தொடக்கத்தில் சென்னை கவர்னர் லஷிங்டன் கேத்தியிலேயே ஓர் அரசுச் சோதனைப் பண்ணையை ஏற்படுத்தினார். சில வருடம்தான் நடந்தது, 1836-ல் மூடிவிட்டார்கள். பின்னால் கவர்னர் எல்ஃபின்ஸ்டன் பிரபு அந்த இடத்தில் பெரிய வீடு கட்டினார். அவரிடமிருந்து அது கசமேஜர் என்ற ஓய்வுபெற்ற அதிகாரியின் கைக்கு வந்தது. அவர் படுகர் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்தினார். 1849-ல் இறக்கும்போது சொத்தின் பெரும்பகுதியை பாசல் மிஷனுக்கு எழுதி வைத்தார். பாசல் என்பது சுவிட்சர்லாந்து நகரம். காட்சிமுனைப் பேச்சுக்கெல்லாம் முன்பே சுவிட்சர்லாந்துக்கும் கேத்திக்கும் இருந்த தொடர்பு இதுதான்.

அதற்குப் பிறகு ஊரின் வருமானம் பல கிளையாகப் பிரிந்தது. 1908-ல் குன்னூரிலிருந்து ஊட்டிக்கு ரயில் நீண்டபோது கேத்திக்கு ஸ்டேஷன் வந்தது. பக்கத்தில் அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலை வேலை கொடுத்தது. 1949-ல் எல்லநள்ளியில் ஊசித் தொழிற்சாலை வந்தது. நாடு முழுக்கத் தைக்கிற ஊசியும் பின்னல் ஊசியும் இங்கிருந்து போகின்றன. 1964 சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த தமிழ்க் குடும்பங்கள் நீலகிரி முழுக்கக் குடியேறின. இன்று பாலாடாவில் கேரட் பிடுங்கும் கைகளில் பல அவர்களுடையவை. வீட்டில் ஒருவர் தொழிற்சாலையில், ஒருவர் தோட்டத்தில் என்று இருந்ததால்தான் சின்ன நிலத்தை விற்காமல் பிழைத்தோம்.

விவசாயத்தில் முதல் ராஜா உருளைக்கிழங்கு. 1961-ல் ஊட்டி பக்கம் தங்க நூற்புழுவைக் கண்டுபிடித்தார்கள். இதன் முட்டைக்கூடு மண்ணில் பல வருடம் உயிரோடு கிடக்கும். ஒரே நிலத்தில் மறுபடி மறுபடி கிழங்கு போட்டால் பெருகும். இங்கிருந்து விதைக்கிழங்கு வெளியே போகத் தடை வந்தது. பயிரை மாற்றிப் போடச் சொன்னார்கள். கேரட், கோஸ், பூண்டு என்று மாறினோம். தேயிலைக்கு மாறியவர்கள் 1990-களின் கடைசியில் பசுந்தேயிலை விலை விழுந்தபோது பட்ட பாடு தனிக்கதை. பள்ளத்தில் தண்ணீர் இருந்தவர்கள் கேரட்டைப் பிடித்துக்கொண்டார்கள்.

கேரட் சீக்கிரம் பணம் தரும் பயிர். நாலு மாதத்தில் கைக்கு வரும். மேட்டுப்பாளையம் மண்டிக்கு நேரத்தில் போய்ச் சேர வேண்டும் என்பதற்காக, விடிவதற்கு முன்பே நெற்றியில் டார்ச் கட்டிக்கொண்டு பிடுங்குவார்கள். பிறகு கழுவும் மெஷினுக்குப் போகும். கழுவாத கேரட்டை வியாபாரி திரும்பிப் பார்ப்பதில்லை. ஆக, விதைத்த நாள் முதல் லாரி ஏறும் நாள் வரை எல்லாமே தண்ணீர்தான். கழுவிய தண்ணீரோடு எங்கள் மேல்மண்ணும் ஓடையில் போகிறது.

எங்கள் ஓடையை நம்பிப் பதினொரு பேர் இருக்கிறோம். என் அப்பா காலத்தில் மோட்டார் இரண்டு, இப்போது பதினான்கு. இரண்டு வருடத்துக்கு முன் மார்ச் மாதம் கீழ்க்கடைசி இரண்டு தோட்டத்துக்குச் சொட்டுத் தண்ணீர் போகவில்லை. எழுபது நாள் கேரட் அப்படியே வெடித்து நார் ஆனது. ராத்திரியில் ஒருவர் குழாயை ஒருவர் பிடுங்கிப் போட்டோம். ஒரே ஹட்டியில் பிறந்தவர்கள், ஒரு சாவு வீட்டில் முகம் பார்க்காமல் நின்றோம். அந்தச் சமயத்தில்தான் கடைசித் தோட்டத்துக்காரர், விடுதி கட்டக் கேட்டவரிடம் முன்பணம் வாங்கப் போவதாகச் சொன்னார். அவர் விற்றால் அடுத்தது நாங்கள்.

என் தம்பி மகள் கோவையில் பொருளாதாரம் படிக்கிறாள். பொங்கலுக்கு வந்தவள் சொன்னாள்: "பெரியப்பா, சுவிட்சர்லாந்துல டோர்பெல்னு ஒரு மலைக்கிராமம். இதே சண்டைக்கு ஐந்நூறு வருஷம் முன்னாடியே எழுதி வெச்சிருக்காங்க."

டோர்பெல், வலே என்ற மாநிலத்தில் இருக்கிறது. செங்குத்தான சரிவு, மழை குறைவு. வயலும் தோட்டமும் அவரவருக்குச் சொந்தம். மேலே உள்ள கோடை மேய்ச்சல், காடு, பாசன வாய்க்கால் ஆகியவை ஊருக்குப் பொது. 1483-லேயே பொது நிலத்தைப் பயன்படுத்த எழுத்தில் ஒப்பந்தம் போட்டிருக்கிறார்கள். வெளியாள் நிலம் வாங்கினாலும் பொது மேய்ச்சலில் உரிமை கிடையாது. 1517-ல் இன்னொரு விதி: பனிக்காலம் முழுக்கத் தன் சொந்த வைக்கோலால் எத்தனை மாட்டைக் காப்பாற்ற முடியுமோ, அத்தனை மாட்டைத்தான் ஒருவர் கோடையில் பொது மேய்ச்சலுக்கு ஓட்டலாம். மீறினால் அபராதம், அதில் பாதி, அபராதம் விதிக்கும் ஊர் அலுவலருக்கு. மேய்ச்சல் நிலம் இன்றைக்கும் பச்சையாக இருக்கிறது. 2009-ல் பொருளாதார நோபல் பெற்ற எலினார் ஆஸ்ட்ரம் தன் புத்தகத்தில் இந்த ஊரை எடுத்துக்காட்டாக எழுதியிருக்கிறார் என்றும் அவள் சொன்னாள்.

எனக்குப் பிடித்தது, அந்த விதியை யாரும் ஏமாற்ற முடியாது என்பது. வைக்கோல் போர் ஊர் பார்க்க நிற்கிறது. மாட்டை எண்ணிவிடலாம். அதிகாரி தேவையில்லை, மீட்டர் தேவையில்லை.

ஊர்ப் பெரியவர்களை வைத்து மூன்று முறை கூடினோம். வைக்கோலுக்குப் பதில் எங்களுக்குக் குட்டை. மழைக்காலத்தில் அவரவர் குட்டையில் தேக்கும் தண்ணீர் எத்தனை சென்ட்டுக்குப் போதுமோ, பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை அத்தனை சென்ட்டுக்குத்தான் காய்கறி. ஓடையில் நேராக மோட்டார் வைப்பது வாரத்துக்கு இரண்டு முறை, கீழ்த் தோட்டத்திலிருந்து மேலே வரிசையாக. கழுவிய தண்ணீர் ஒரு குழியில் தெளிந்த பிறகே ஓடைக்குப் போக வேண்டும். குழியில் படியும் மண் அவரவர் வயலுக்குத் திரும்பும். பத்துப் பேர் ஒப்புக்கொண்டோம். ஒருவர் இன்னும் வரவில்லை.

இந்தக் கோடையில் நான் நாற்பது சென்ட் மட்டும் கேரட் விதைத்தேன். மீதியைக் கோடை மழைக்கு விட்டு லூபின் போட்டு, பூ விடும் சமயத்தில் மடக்கி உழுதேன். கோடை வருமானம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது உண்மை. ஆனால் கடைசித் தோட்டம் வரை தண்ணீர் போனது. அவர் முன்பணம் வாங்கவில்லை.

சுவிட்சர்லாந்து விவசாயிக்கு அரசு நேரடியாகப் பணம் கொடுக்கிறது. சரிவில் புல் அறுப்பதற்கும் தொகை உண்டு. நமக்கு அந்த அளவுக்கு இல்லை. அதனால் அங்கே நடப்பது எல்லாம் இங்கே நடக்கும் என்று நான் சொல்லவில்லை. வருமானம் குறைந்த மூன்று மாதத்தைத் தாங்க முடிந்தது என் மூத்த மகன் சம்பளத்தால். அது இல்லாத வீட்டுக்கு என்ன வழி என்பதை நாங்கள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

தண்ணீர் குறைந்தால் மட்டும் அல்ல, கூடினாலும் இந்த ஓடைதான் எங்களைக் காப்பாற்ற வேண்டும். 2009 நவம்பர் 10-ம் தேதி கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை பதிவானது. அந்த மழையில் நீலகிரி முழுக்க மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஓடை ஓரத்தை உழாமல் புல்லுக்கு விட வேண்டும் என்பது எங்கள் அடுத்த கூட்டத்தின் பேச்சு. ஒவ்வொருவருக்கும் இரண்டு மூன்று சென்ட் போகும். எளிதாக முடியாது என்று தெரியும்.

இந்த இதழின் கேள்வி பதிலில் 'கோடையில் எத்தனை நாளுக்கு ஒரு தண்ணீர் விட வேண்டும்?' என்று கேட்பதைப் பார்க்கிறேன். அதற்கு முன், மழை நாளில் நம்மிடம் எவ்வளவு சேர்ந்தது, அதே தண்ணீரை நம்பி இன்னும் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டையும் ஒரு காகிதத்தில் எழுதி ஊர்க்கூட்டத்தில் வையுங்கள். விதி அதிலிருந்து தானே பிறக்கும்.