சுஞ்சனகட்டேயில் கால் விநாடி

மழை பிடித்துவிட்டால் மைசூர் கேமராக்காரர்களுக்குச் சுஞ்சனகட்டே நினைப்புதான். கே.ஆர்.நகர் பக்கம், கோதண்டராமர் கோவிலை ஒட்டி, காவிரி இரண்டாகப் பிரிந்து சுமார் 20 மீட்டர் விழுகிற இடம்.

அங்கே ஷட்டரைப் பத்து விநாடி திறந்து வைப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வரும். புதுவெள்ளம் செம்மண் நிறம்; அத்தனை நேரம் விட்டால் ஆவேசமெல்லாம் கரைந்து, ஆடை படிந்த டீ மாதிரி ஆகிவிடும். 1/1000 வைத்தால் தெறிக்கிற துளிகூட அந்தரத்தில் நிற்கும். என் கை போவது 1/4 விநாடிக்கு. நீர் இழை இழையாகப் பிரியும், பாறையில் மோதித் திரும்புகிற திசையும் தெரியும்.

ஆனால் 1/4 என்பது வேதவாக்கு இல்லை. தண்ணீரின் வேகம், நாம் நிற்கும் தூரம், லென்ஸ் மூன்றும் சேர்ந்துதான் கணக்கு. பல்முரியில் தடுப்பணை மேல் மெலிசாக வழிகிற நீருக்கு ஒரு விநாடியும் தாங்கும்.

உச்சி வெயிலில் ஐஎஸ்ஓ 100, எஃப்/11 என்றால் 1/200 காட்டும். ஆறு ஸ்டாப் என்டி ஃபில்டர் மாட்டினால் ஏறத்தாழ 1/3 விநாடி. டிரைபாட் கட்டாயம். சாரல் லென்ஸை விடாது, துடைக்க ஒரு பழைய பருத்தித் துணியும் பையில் இருக்கட்டும்.