யாருடைய நாக்கு

நோர்வேயில் காளான் பொறுக்குகிறவர்கள் ஆசைப்படும் காளான்களில் ஒன்று ஸ்டெய்ன்சொப். கல்காளான் என்று பொருள். இளசாக இருக்கும்போது தொட்டுப் பார்த்தால் பெயர் விளங்கும். ஒஸ்லோவுக்கு வடக்கேயுள்ள நூர்மார்க்கா காட்டில், ஸ்புரூஸ் மரங்களின் கீழே பாசி மெத்தைபோலப் படர்ந்த இடங்களில் ஓகஸ்ட், செப்ரெம்பரில் முளைக்கும். மர வேர்களோடு பிணைந்து வாழ்வதால் அதைத் தோட்டத்தில் வளர்க்க முடிவதில்லை. நாங்கள்தான் காட்டுக்குப் போகவேண்டும். தனியாருடைய காடென்றாலும் நடந்து திரியும் உரிமை இங்கே 1957 முதல் சட்டத்தில் எழுதப்பட்டிருக்கிறது. இருந்தும் எங்கள் பெண்களில் பலர் காட்டுக்கு வருவது கணவரின் காரில், கணவர் காட்டும் திசையில். வீட்டுக்கு வந்தபின் மண் தட்டுவதும், புழுப் பார்த்து வெட்டுவதும், சமைப்பதும் அவர்கள் பொறுப்பு. எது என்ன காளான் என்று சொல்வது மட்டும் அவர்கள் பொறுப்பில்லை.

எனக்கு இது வேடிக்கையாக இருக்கும். ஏனென்றால் அடையாளம் காணும் வழி முழுக்கக் குசினி வழிதான். முதலில் தொப்பியைக் கவிழ்த்துப் பார்க்கவேண்டும். தகடு தகடாக மடிப்புகள் இருந்தால் இந்தக் குடும்பமே இல்லை. இதே பாசிக்குள் முளைத்து, தின்றவரின் சிறுநீரகத்தை அழிக்கும் செம்பழுப்புக் காளானுக்கும் கீழே மடிப்புகள்தான். கல்காளானின் அடிப்பக்கம் பஞ்சுபோல, நுண்ணிய துளைகளால் ஆனது. இளசில் வெள்ளை, பிறகு மஞ்சள், முற்றினால் பச்சை கலந்த மஞ்சள். பருத்த தண்டின் மேற்பகுதியில் வெள்ளை நூலால் பின்னியதுபோல ஒரு வலை. வெட்டினால் சதை வெள்ளையாகவே இருக்கும்.

குழப்புவது இதன் உறவுக்காரியான பித்தக் குழாய்க்காளான். அதே பழுப்புத் தொப்பி, அதே தடித்த தண்டு, அதே பாசி. வலை மட்டும் கறுத்துத் தடித்திருக்கும். துளைகள் வயதாக வயதாக இளஞ்சிவப்பாகும். சின்னக் காளானில் அந்த நிறம் இன்னும் ஏறியிருக்காது. அப்போது ஒரு துணுக்கை நாக்கு நுனியில் வைத்துத் துப்பவேண்டும். (துளைக் காளான்தான் என்று உறுதியான பிறகு, துளைகள் கடுஞ்சிவப்பாக இல்லாதபோது மட்டும். மடிப்புள்ளவற்றில் இந்த விளையாட்டே வேண்டாம்.) நஞ்சால் சாகமாட்டோம், ஆனால் ஒன்று விழுந்தாலும் சட்டி முழுக்கக் கசக்கும்.

இலையுதிர்கால ஞாயிறுகளில் காட்டோரத்தில் ஒரு மேசை போட்டு, பரீட்சையில் தேறியவர்கள் யாருடைய கூடையையும் இலவசமாகப் பரிசோதித்துச் சொல்வார்கள். ஒருமுறை அந்த வரிசையில் எனக்கு முன்னால் எங்கள் ஆட்கள், ஒரு தம்பதி நின்றார்கள். மேசையைக் கண்டு "ஒருக்காக் காட்டுவம்" என்றது அக்கா. மேசையிலிருந்த வயதான பெண் கூடையைக் கிளறி ஐந்தாறை ஒதுக்கினார். கறுத்த வலையை நகத்தால் காட்டி, "பித்தம்" என்றார்.

அண்ணை ஒப்புக்கொள்ளவில்லை. ஏழெட்டு வருடமாக இதைத்தான் பிடுங்குவதாகவும் ஒருநாளும் கசந்ததில்லை என்றும் வாதிட்டார். அந்தப் பெண் ஒரு துணுக்கை வெட்டிக் கொடுத்தார். அண்ணை மென்றுவிட்டு எங்களைப் பார்த்து, "நல்லாத்தானே இருக்கு" என்றார். சிலருடைய நாக்குக்கு இந்தக் கசப்புத் தெரியாது என்றார் அந்தப் பெண், கண்பார்வைக் குறைவைச் சொல்வதுபோலச் சாதாரணமாக. பிறகு கத்தி நுனியில் இன்னொரு துணுக்கை அக்காவிடம் நீட்டினார். அக்கா நாக்கில் வைத்ததும் துப்பினார்.

"இதைத்தானே நான் சொல்லிக்கொண்டு வாறன்" என்றார் என்னிடம்.

அண்ணை கார் எடுக்கப் போனபோது மிச்சத்தைச் சொன்னார். ஒவ்வொரு இலையுதிர்காலமும் கறி கசந்திருக்கிறது. பிள்ளைகள் கோப்பையைத் தள்ளிவிடுவார்கள். "நீர்தான் பிள்ளைகளையும் பழக்கி வைச்சிருக்கிறீர்" என்றபடி அவர் மட்டும் வழித்துச் சாப்பிடுவார். வெந்தயம் கருகியிருக்கும் என்று மாமி தொலைபேசியில் சொன்னார். அக்கா வெந்தயத்தை விட்டுப் பார்த்தார், சட்டியை மாற்றினார். கடைசியில் தன் நாக்கில்தான் வருத்தம் என்று டொக்டரிடமும் போயிருக்கிறார்.

அண்ணையின் நாக்கோடு எனக்குக் கோபமில்லை, அது பிறப்பிலேயே அப்படி. மூன்று பேருக்குக் கசக்கும் வீட்டில் கசக்காத ஒரு நாக்கு எப்படி அளவுகோலானது என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

மலேசியாவில் பிறந்து, நோர்வேயில் கணவரை இழந்தபின் காளான் படித்து அந்தப் பரீட்சையில் தேறிய லொங் லிட் வூன் எழுதிய நூல் 2017 இல் வந்தது. அதை அக்காவுக்குக் கொடுத்தேன். வாசிக்க நேரமில்லை என்றார். ஆனால் ஆரம்ப வகுப்பில் பெயர் பதிந்தார்.

போன செப்ரெம்பரில் கூடை அக்காவின் கையில் இருந்தது. அண்ணை பிடுங்கிக் கொடுக்க, அவர் ஒவ்வொன்றாகக் கவிழ்த்துப் பார்த்தார். சந்தேகமானதை நாக்கில் வைத்துத் துப்பினார். மூன்றைப் பாசிக்குள் எறிந்தார்.

"ஏன் நல்லதை எறியிறீர்?" என்று கேட்டார் அண்ணை.