முதுகில் பட்ட காயம்

மழைக்காலத்துல ஒரு நைட் டூட்டி. அடுக்கத்துல இருந்து ஜீப்புல ஒருத்தரைக் கொண்டு வந்தாங்க. ஐம்பத்தஞ்சு வயசு இருக்கும். காட்டுமாடு முட்டியிருக்கு. வலது பக்க முதுகுல கொம்பு கிழிச்ச காயம். நல்லவேளை, நுரையீரல் வரைக்கும் போகல. சுத்தம் பண்ணி, ஊசி போட்டு, வார்டுல சேர்த்தாச்சு.

அடுத்து ஆக்சிடென்ட் ரிஜிஸ்டர். எப்படி ஆச்சுன்னு கூட வந்த பையன்கிட்ட கேட்டேன். "ஓடுனாரு சார், பின்னாடியே வந்து முட்டிருச்சு." அதை அப்படியே இங்கிலீஷ்ல எழுதினேன்: தப்பி ஓடும்போது பின்னாலிருந்து தாக்கப்பட்டதாகச் சொல்லப்படுகிறது. ரெண்டு வரி. வனத்துறை நிவாரணத்துக்குக் கேட்பாங்கன்னு காப்பியும் கொடுத்தாச்சு.

அந்த வாரம் டூட்டி ரூம்ல நான் படிச்சிட்டு இருந்தது புறநானூறு. ஜார்ஜ் ஹார்ட், ஹாங்க் ஹைஃபெட்ஸ் ரெண்டு பேரும் 1999ல கொண்டு வந்த இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு ஒரு பக்கம், தமிழ் மூலம் ஒரு பக்கம். (ஸ்கூல்ல மனப்பாடம் பண்ணதோட சரி. இப்பதான் புரிஞ்சு படிக்கிறேன்.)

65, 66 ரெண்டும் வெண்ணிப் போரைப் பத்தின பாட்டு. அந்த ஊர் இப்ப நீடாமங்கலம் பக்கத்துல இருக்கிற கோவில்வெண்ணி. கரிகாலன் எறிஞ்ச வேல்ல சேர மன்னனுக்கு முதுகுல காயம். அந்தப் புறப்புண்ணுக்கு வெட்கப்பட்டு, வாளோட வடக்கு பார்த்து உட்கார்ந்து, சாப்பிடாமலே உயிரை விட்டான்.

இதுல 'புறப்புண்'ணை எப்படி இங்கிலீஷ்ல சொல்றது? முதுகுல குத்துறதுன்னாலே இங்கிலீஷ்காரன் காதுல துரோகம்னுதான் விழும். அங்க அசிங்கம் குத்தினவனுக்கு. நம்ம பாட்டுல அசிங்கம் குத்து வாங்கினவனுக்கு. வார்த்தைக்கு வார்த்தை சரியாப் போட்டாலும் குற்றவாளி மாறிடுறான்!

ஹோமரோட இலியட்லயும் இதே கதைதான். காயம் ஒவ்வொண்ணையும் அந்தாளு சர்ஜன் மாதிரி சொல்லுவார். ஓடுற ஒருத்தனுக்கு வலது புட்டத்துல ஈட்டி இறங்கி, எலும்புக்கு அடியில மூத்திரப்பையைத் துளைக்கிற இடம் ஒண்ணு இருக்கு. படிச்சிட்டு அனாடமி சரியான்னு மனசுக்குள்ள போட்டுப் பார்த்தேன், சரிதான். இன்னொரு இடத்துல ஒரு வீரன் தன் தோழனைப் பாராட்டுறதே, உனக்கு அடிபட்டா அது மார்புலயோ வயித்துலயோதான் இருக்கும், பின்கழுத்துல இருக்காதுன்னுதான். 400 வருஷத்துக்கு மேலா இங்கிலீஷ்ல திரும்பத் திரும்ப மொழிபெயர்க்கிறாங்க. 2023ல கூட எமிலி வில்சனோடது ஒண்ணு வந்துச்சு. அத்தனை பேரும் இந்த முதுகைத் தாண்டித்தான் போகணும்.

சேரன் கதைக்கு வர்றேன். 65ஐப் பாடின கழாத்தலையார் அந்தக் காயத்துக்கு முன்னாடி 'முன்பு'ன்னு ஒரு சொல் வச்சிருக்கார். குறி வச்சது முன்பக்கம். மார்புல பாய்ஞ்சு முதுகு வழியா வெளிய வந்த வேல்னு உரை சொல்வாங்க. எங்க ஃபாரன்சிக் பாஷைல, மார்புல இருக்கிறது என்ட்ரி வுண்ட், முதுகுல இருக்கிறது எக்ஸிட் வுண்ட். அவன் ஓடவே இல்லை. ஆனா 'முன்பு'க்குப் பழந்தமிழ்ல வலிமைன்னும் பொருள் உண்டு. மொழிபெயர்க்கிறவர் அந்தப் பொருளை எடுத்தா, சேரனுக்கு இருந்த ஒரே சாட்சியும் போச்சு. 66ல வெண்ணிக் குயத்தியார், ஒரு குயவர் வீட்டுப் பெண், ஜெயிச்ச கரிகாலன்கிட்டயே சொல்றாங்க, உன்னைவிட அவன் நல்லவன் இல்லையான்னு.

மறுநாள் காலைல டிரெஸ்ஸிங். அண்ணன் முகமே கொடுக்கல. என்னண்ணேன்னு கேட்டேன்.

"ஓடுனேன்னு எழுதியிருக்கீங்களாம்ல. மருமகன் படிச்சுச் சொன்னாரு."

"ஓடலையா?"

"பேத்தி கையில இருந்துச்சு சார். மாடு கிட்ட வந்துருச்சு. புள்ளைய நெஞ்சோட அணைச்சுக்கிட்டு முதுகைக் காட்டித் திரும்பி நின்னேன்."

ராத்திரி அவர் சுயநினைவோடதான் இருந்தார். அவர்கிட்டயே கேட்டிருக்கலாம். கேட்கல. கூட வந்த பையன் தூரத்துல இருந்து பார்த்ததை நான் ஆவணமாக்கிட்டேன்.

பழைய வரியை அடிக்கல, அடிக்கவும் கூடாது. கீழே தேதி, நேரம் போட்டு, நோயாளியே சொன்னதுன்னு புதுசா எழுதிக் கையெழுத்து போட்டேன். குழந்தையைக் காக்கத் திரும்பி நின்றபோதுன்னு. அதைத் தமிழ்ல அவருக்குப் படிச்சும் காட்டினேன்.

கேட்டுட்டு, "பேத்திக்கு ஒரு கீறல் கூட இல்லைன்னும் எழுதிருங்க சார்"ன்னார்.

"அதுக்கு இதுல இடம் இல்லண்ணே."

"ஓரமா எழுதுங்க."

எழுதினேன்.