மாமனார் வீட்டு ஹாலிலிருந்து ஹாங்காங்!

ஹாங்காங்குக்கு நான் இதுவரை 114 தடவை போயிருக்கிறேன். அதில் 113 தடவை மாமனார் வீட்டு ஹாலிலிருந்து! டிக்கெட் கிடையாது, பாஸ்போர்ட் கிடையாது, நடுவானில் அத்தை கையால் டிகிரி காபி வேறு.

எல்லாம் என் மச்சினன் செய்த வேலை. ஆபீஸ் வேலையை வீட்டிலிருந்தே பார்க்கிறேன் பேர்வழி என்று ஹாலில் ஒரு பெரிய கம்ப்யூட்டரை இறக்கினான். ஒரு மாதத்தில் அது விமானமாகிவிட்டது. மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர். பக்கத்தில் கியர் மாதிரி ஒரு ஜாய்ஸ்டிக்.

மாமனாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். வருவாய்த் துறையில் ஹெட் கிளார்க்காக இருந்து ரிடையரானவர். வயசு 69. தாசில்தாருக்கே பயப்படாத மனுஷர் ஆகாய விமானத்துக்குப் பயப்படுவார். சின்ன மகள் ஹாங்காங்கில். பேரனுக்கு ரெண்டு வயசு. தாத்தா அவனைப் பார்த்ததெல்லாம் போனில்தான். அவனும் தாத்தாவை உள்ளங்கை அகல ஆசாமி என்றே நினைத்துக்கொண்டிருந்தான்.

"வாங்க மாமா, நான் கூட வர்றேன்" என்று எத்தனை தடவை கூப்பிட்டிருப்பேன்! "பஸ்ஸுல கோளாறுன்னா ஓரம் கட்டிடுவான் மாப்ளே. அங்க எங்க ஓரம் கட்டுவான்?" என்பார். பி.காம். படித்த எனக்கு இதற்குப் பதில் தெரியவில்லை.

பதில் சொன்னது மச்சினனின் கம்ப்யூட்டர்.

சிமுலேட்டரோடு வருகிற விமானத்தில் பல சுவிட்சுகள் சும்மா பெயிண்ட் அடித்த மாதிரி. அமுக்கினால் ஒன்றும் ஆகாது. நிஜம் போலவே வேண்டும் என்கிறவர்களுக்காகத் தனியாக விமானங்கள் செய்கிறார்கள். 'ஆட்-ஆன்' என்று பெயர். ஒரு விமானத்துக்கே சில ஆயிரம் ரூபாய் ஆகும். மச்சினன் போட்டிருந்தது ஃப்ளைபைவயர் என்ற குழு செய்த ஏர்பஸ் ஏ320 நியோ. உலகம் முழுக்க உள்ள ஆர்வலர்கள் சேர்ந்து செய்து இலவசமாகவே கொடுக்கிறார்கள். (இலவசம் என்று கேட்டதும்தான் நானும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன்.)

இதில் சாவியைத் திருகி ஸ்டார்ட் பண்ணுகிற கதையெல்லாம் கிடையாது. பேட்டரியில் ஆரம்பிக்க வேண்டும். வாலில் இருக்கிற குட்டி இன்ஜினை ஓட்டி, எரிபொருள் பம்ப்பைப் போட்டு, தான் எங்கே நிற்கிறோம் என்பதை விமானம் புரிந்துகொள்கிறவரை சில நிமிஷம் காத்திருந்து, அப்புறம்தான் பெரிய இன்ஜின். மாமாவுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. முப்பத்தைந்து வருஷம் ஃபைல் பார்த்தவர் ஆயிற்றே! "அப்போ வரிசையா எல்லாத்துலயும் கையெழுத்து விழாம மேல கிளம்பவே முடியாது, அப்படித்தானே?" என்றார். அப்படித்தான் மாமா!

ஒரு நாள் ரெண்டாவது இன்ஜினைக் கிளப்பும்போது தரைக்கடியிலிருந்து நாய் குரைத்தது. மாமா காலைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொண்டார். மச்சினன் விளக்கினான்: ஏ320-ன் ஹைட்ராலிக் அமைப்புகளில் பச்சை, மஞ்சள் என்று ரெண்டு. ஒன்றில் அழுத்தம் குறைந்தால் இன்னொன்று முட்டுக் கொடுக்க ஒரு கருவி உண்டு. இன்ஜினைக் கிளப்பும்போது அது தன்னைத்தானே ஒருதரம் சோதித்துக்கொள்ளும். அதன் சத்தம் நாய் குரைப்பு மாதிரி. நிஜ விமானத்திலும் அப்படியே கேட்கும்.

"ஓரம் கட்டத் தேவையில்ல. ஒண்ணு போனா இன்னொண்ணு இருக்கு" என்று மாமா தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அன்று எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது.

இறங்கப் பழகுவதற்கு அவர் தேர்ந்தெடுத்தது ஹாங்காங்தான். அதிலும் கை டாக் விமான நிலையம்! அது 1998 ஜூலை 6-ம் தேதியே மூடப்பட்டுவிட்டது. ஏ320 நியோ சேவைக்கு வந்தது 2016-ல். நிஜத்தில் இரண்டும் சந்தித்ததே கிடையாது. சம்பந்தம் பேசி முடித்தது மாமனார் வீட்டு ஹாலில்.

கை டாக் பிறந்த கதை காமர்ஸ்காரர்களுக்கு ருசிக்கும். கை ஹோ கை, ஔ டாக் என்று ரெண்டு பிரமுகர்கள் கடலைத் தூர்த்து வீட்டுமனை போடக் கம்பெனி ஆரம்பித்தார்கள். மனை வியாபாரம் படுத்துவிட்டது. அந்த நிலத்தில் 1925-ல் விமானம் பறக்க ஆரம்பித்தது. அவர்கள் பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. 1958-ல் கடலுக்குள் நீட்டிக்கொண்டு புதிய ஓடுபாதை போட்டார்கள்.

வடமேற்கிலிருந்து இறங்குவதுதான் வேடிக்கை. எதிரே ஒரு குன்று. அதில் சிவப்பும் வெள்ளையுமாகச் சதுரங்கப் பலகை மாதிரி பெயிண்ட். விமானி அந்தக் குன்றைப் பார்த்து நேராகவே வரவேண்டும். கிட்டத்தில் வந்ததும் கருவிகளை நம்பாமல் கையாலேயே 47 டிகிரி வலது பக்கம் வளைக்கவேண்டும். வளைத்து நிமிர்த்தும்போது உயரம் 200 அடிக்கும் கீழே. அடியில் கௌலூன் மொட்டைமாடிகள். கொஞ்சம் தாமதமானால் அந்தப் பக்கம் கடல். 1993 நவம்பரில் நிஜமாகவே ஒரு 747 ஓடுபாதை தாண்டிக் கடலில் போய் உட்கார்ந்தது. நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை.

நாங்கள் கடைசி இருபது நிமிஷம் மட்டும் ஓட்டுவோம். நான் பேரேடு போட்டு எழுதி வைத்திருக்கிறேன். மொத்தம் 113. கடலில் விழுந்தது 41. கட்டடங்கள் 19. குன்று 11. உருப்படியாக இறங்கியது 42. உருப்படியில் முக்கால்வாசி மாமா கணக்கு.

113-வது தடவை பூப்போல இறக்கிவிட்டு, ஜாய்ஸ்டிக்கைத் துண்டால் துடைத்துக்கொண்டே கேட்டார்: "மாப்ளே, பாஸ்போர்ட்டுக்கு என்னென்ன சர்ட்டிபிகேட் வேணும்?"

அத்தை சமையலறைக்குள் போய் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன். பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

மூன்று மாதம் கழித்துக் கிளம்பினோம். வாய்த்தது ஏ320 குடும்பத்து விமானமேதான். நகர்வதற்கு முன்னால் குரைத்தது. பக்கத்து சீட் அம்மாள் முருகனைக் கூப்பிட, மாமா அவரிடம், "பயப்படாதீங்கம்மா, பச்சையும் மஞ்சளும் பேசிக்குது" என்றார். மேலே கிளம்பிக் கொஞ்ச நேரத்தில் இன்ஜின் சத்தம் சட்டென்று குறைந்து வயிற்றைப் பிசைந்தது எனக்கு. "ஏறின வேகம் போதும்னு பவரைக் குறைக்கிறான். வழக்கம்தான்" என்றார். ஆனால் அவர் கை என் மணிக்கட்டைப் பிடித்திருந்தது. ஹாங்காங் வரை விடவில்லை.

இப்போதைய விமான நிலையம் செக் லாப் காக் தீவில். நேராக, சாதுவாக இறங்கியது. மாமாவுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்!

மறுநாளே கை டாக். முதலில் அந்தக் குன்று. கௌலூன் சாய் பூங்காவை ஒட்டி இன்னமும் இருக்கிறது, மறுபடி பெயிண்ட் அடித்து. கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் இத்தனை அருகில் ஜம்போ வளைந்தது என்பதை நம்ப முடியவில்லை. அப்புறம் கௌலூன் சிட்டி தெருக்கள். விமானத்துக்கு இடைஞ்சல் என்று கட்டடங்களுக்கு உயரக் கட்டுப்பாடு இருந்த ஊர். பழைய குட்டைக் கட்டடங்களுக்கு நடுவே புதிய நெட்டைகள் முளைத்து வருகின்றன. தாய்லாந்துச் சாப்பாட்டுக் கடைகள் வரிசையாக. (மாமாவுக்கு மட்டும் மகள் கட்டிக் கொடுத்த தயிர் சாதம்.)

விமான நிலையம் இருந்த இடத்தில் 2020-ல் மெட்ரோ ஸ்டேஷன் வந்தது. 2025-ல் ஐம்பதாயிரம் பேர் உட்காரும் ஸ்டேடியம் திறந்தார்கள். ஓடுபாதை நெடுக அடுக்குமாடிகள். மனை வியாபாரம் நூறு வருஷம் கழித்து ஜெயித்துவிட்டது! கடலுக்குள் நீளும் முனையில் 2013-ல் திறந்த பயணக் கப்பல் துறை, அதை ஒட்டிப் பூங்கா.

அந்த முனையில் மாமா பேரனைத் தோளில் தூக்கிக்கொண்டு வெகுநேரம் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"மாப்ளே, நாம முழுகினது இங்கதானே?"

"ஆமாம் மாமா. 41 தடவை."

"நாப்பத்தோரு தடவை முழுகத் துணிஞ்சவன், ஒரு தடவை ஏறி வர ரெண்டு வருஷம் யோசிச்சிட்டேன் பாருங்க. இவன் பொறந்தப்பவே வந்திருக்கணும்" என்றார். குரல் கம்மியது. தோளிலிருந்த பொடியன் தாத்தாவின் காதைப் பிடித்து ஜாய்ஸ்டிக் மாதிரி திருகினான். தாத்தா அப்படியே வலது பக்கம் 47 டிகிரி வளைந்தார். பிரமாதமான லேண்டிங்!

ஊர் திரும்பியாயிற்று. போன வாரம் அத்தை, "அமெரிக்காவுல எங்க அண்ணன் பொண்ணு கல்யாணம் வருதே" என்று இழுத்தார். மாமா உடனே மச்சினனைக் கூப்பிட்டு, "பதினாறு மணி நேரம் ஓடுற பெரிய விமானம் இலவசமா கிடைக்குமாடா?" என்று விசாரித்தார்.

"நான் பார்த்து வச்சிருக்கிறது காசு குடுத்து வாங்கணும்ப்பா."

மாமா மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

பேரேட்டில் செலவுப் பக்கம் எழுத ஆரம்பித்திருக்கிறேன்!